மலை சரிந்த மண்ணில் நம்பிக்கை: பதுளையிலிருந்து ஒரு குரல்

டித்வா சூறாவளிக்குப் பின் வந்த ஒரு ஜும்ஆ நாள். தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியிறங்கும்போது ஓர் இளைஞர் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஒரு காலத்தில் என்னிடம் படித்தவர். இப்போது வெலிமடைப் பக்கத்தில் மரக்கறித் தோட்டம் செய்கிறார்.

"சேர், அந்த ரெண்டு ராவும் வீட்டுல எல்லாரும் முழிச்சிருந்து துஆ கேட்டோம். மழை நிக்கல்ல. விடியிற நேரம் பார்த்தா தோட்டம் முழுக்க மணலும் கல்லும். இனி அல்லாஹ்கிட்ட என்ன கேட்கிறது?"

"ஸப்ர் செய்யுங்க தம்பி" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். என் பதில் அவருக்குப் போதவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. உண்மையைச் சொன்னால் எனக்கும் போதவில்லை. வாயில் வருவதற்கு மிக இலகுவான சொல் அது. இழந்தவனிடம் இழக்காதவன் சொல்லும்போது அதன் பாரம் குறைந்துவிடுகிறது. அன்று அவருக்குச் சொல்லாமல் விட்ட பதிலைத்தான் இங்கே எழுத முயல்கிறேன்.

நடந்தது என்ன என்பதை முதலில் நினைவுபடுத்திக்கொள்வோம். 2025 நவம்பர் கடைசி வாரத்தில் வீசிய டித்வா, நாட்டின் 25 மாவட்டங்களையும் ஏதோ ஒரு விதத்தில் தொட்டது. 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். மலைநாட்டில் உயிரைப் பறித்ததில் பெரும் பங்கு மண்சரிவுக்கு. கண்டி, நுவரெலியா மாவட்டங்களோடு எங்கள் பதுளை மாவட்டமும் மிக மோசமாகத் தாக்கப்பட்டது. பாதைகள் அறுந்தன. மின்சாரமும் தொலைபேசியும் இல்லாமல் போயின. பதுளைக்கு வரும் ரயில் பாதை பல இடங்களில் சிதைந்தது. அடுத்த மலையில் இருக்கும் உறவினர் உயிரோடு இருக்கிறாரா என்று தெரியாமல் நாட்கணக்கில் தவித்த குடும்பங்கள் எத்தனையோ.

இப்படியொரு நேரத்தில் "ஏன்?" என்ற கேள்வி எழுவது இயல்பு. அதற்கு நம்மிடையே இரண்டு பதில்கள் உடனே வந்துவிடுகின்றன. இரண்டுமே எனக்குக் கவலை தருகின்றன.

முதலாவது, "இது பாவங்களுக்கான தண்டனை" என்பது. தன்னைப் பற்றி அப்படி நினைத்து ஒருவர் தவ்பா செய்தால் அது நல்ல விடயம். ஆனால் லயன் அறையில் தூக்கத்திலேயே புதையுண்ட ஒரு கைக்குழந்தையைப் பார்த்து அப்படிச் சொல்ல நமக்கு யார் அதிகாரம் தந்தது? அல்லாஹ்வின் தீர்ப்பை அறிந்தவர்கள்போல் பேசுவது இறையச்சம் ஆகாது.

இரண்டாவது, "எல்லாம் கத்ர், நாம் என்ன செய்ய?" என்பது. இது கேட்பதற்கு ஈமானின் குரல்போல இருக்கும். ஆனால் ஸஹாபாக்கள் கத்ரை இப்படி விளங்கவில்லை. உமர் (ரழி) அவர்கள் ஷாம் நோக்கிப் பயணம் செய்து ஸர்க் என்ற இடத்தை அடைந்தபோது அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதாகச் செய்தி வந்தது. தோழர்களுடன் ஆலோசித்துவிட்டுத் திரும்பிப் போக முடிவெடுத்தார்கள். அல்லாஹ்வின் கத்ரை விட்டு ஓடுவதா என்று அபூ உபைதா (ரழி) கேட்டபோது, ஒரு கத்ரிலிருந்து இன்னொரு கத்ரை நோக்கியே போவதாக உமர் (ரழி) விளக்கினார்கள். பசுமையான மேய்ச்சல் நிலமும் வறண்ட நிலமும் எதிரே இருந்தால், ஒட்டகத்தைப் பசுமையான பக்கம் ஓட்டிச் செல்வதும் கத்ர்தானே என்பது அவர்கள் தந்த உதாரணம்.

இதை நம் மலைகளுக்குப் பொருத்திப் பாருங்கள். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மூன்று படிகளாக விடுக்கிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இருக்கவேண்டும். 100 மில்லிமீற்றரைத் தாண்டினால் வெளியேறத் தயாராக வேண்டும். 150 மில்லிமீற்றரைத் தாண்டினால் சிவப்பு எச்சரிக்கை, உடனே வெளியேற வேண்டும். டித்வாவின்போது நாட்டின் சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீற்றருக்கும் மேல் கொட்டியது. சிவப்பு எச்சரிக்கை வந்த இரவில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பாதுகாப்பான இடத்துக்குப் போனவர் ஈமானில் எந்தக் குறையும் வைக்கவில்லை. உமர் (ரழி) அவர்கள் சென்ற வழியில்தான் அவரும் சென்றார்.

ஆனால் இங்கே இன்னொரு கேள்வி இருக்கிறது. வெளியேறச் சொன்னால் எங்கே போவது?

2014 ஒக்டோபர் 29. பதுளை மாவட்டம், ஹல்துமுல்லை பிரதேசம், கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டம். காலை ஏழரை மணியளவில் மலை சரிந்து லயன்களை மூடியது. பிள்ளைகள் பலர் பாடசாலைக்குப் புறப்பட்டுப் போயிருந்ததால் உயிர் தப்பினார்கள். திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை என்ற நிலை சிலருக்கு. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. பிறகு ஏன் அவர்கள் அங்கேயே இருந்தார்கள் என்று நகரத்திலிருப்பவர்கள் கேட்டார்கள். அன்று நிவாரணப் பொருட்களோடு போன எங்களில் ஒருவர் ஒரு வயதான அம்மாவிடம் அதே கேள்வியைக் கேட்டார். அவர் கோபப்படவில்லை. "போகச் சொன்னாங்க நானா. எங்க போறதுன்னு சொல்லல்லியே" என்றார்.

அந்த ஒரு வாக்கியம் பதினொரு வருடங்களாக என்னை விடவில்லை. மழை அல்லாஹ்வின் ஏற்பாடு. ஆனால் தலைமுறை தலைமுறையாக இந்த நாட்டுக்குத் தேயிலை பறித்துக் கொடுத்த ஒரு குடும்பத்துக்கு, தனது பெயரில் ஒரு பேர்ச் காணிகூட இல்லாமல் போனது மனிதர்களின் ஏற்பாடு. மனிதர் செய்த தவறைக் கத்ரின் தலையில் கட்டிவிட்டு நாம் கைகழுவிக்கொள்ள முடியாது. மீரியபெத்தயில் உயிர் தப்பியவர்களுக்கு மகல்தெனியவில் 75 வீடுகள் கையளிக்கப்பட்டது 2016இல். அதுவரை இரண்டு வருடங்கள் முகாம் வாழ்க்கை. 2023 மார்ச்சில் அதே மலைத்தொடரில், பூனாகலை கபரகலை தோட்டத்தில் மறுபடியும் மண் சரிந்து லயன்கள் புதைந்தன. பிறகு டித்வா.

இத்தனைக்கும் நடுவில் நம்பிக்கை என்று எதைச் சொல்வது?

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தமது இஹ்யா உலூமித்தீனில் இதற்கு ஒரு விவசாயியை உதாரணம் காட்டுகிறார். நல்ல நிலத்தைத் தேர்ந்து, நல்ல விதையைப் போட்டு, தண்ணீர் பாய்ச்சி, களை பிடுங்கி, அதற்குப் பிறகு விளைச்சலுக்காக அல்லாஹ்வின் அருளை எதிர்பார்த்திருப்பவனின் நிலைதான் 'ரஜா', அதாவது உண்மையான நம்பிக்கை. கட்டாந்தரையில் விதையை எறிந்துவிட்டு, பக்கமே போகாமல் அறுவடையை எதிர்பார்ப்பவனிடம் இருப்பது ஏமாற்றம் மட்டுமே. உருளைக்கிழங்கும் போஞ்சியும் பயிரிடும் வெலிமடைக்காரருக்கு இந்த உதாரணத்தை நான் விளக்கத் தேவையில்லை.

அல்குர்ஆன் நமக்குச் சொல்லும் யஃகூப் (அலை) அவர்களின் வரலாற்றிலும் இதே பாடம் இருக்கிறது. யூஸுஃபை இழந்து பல வருடங்கள் கழிந்துவிட்டன. இன்னொரு மகனும் எகிப்தில் சிக்கிக்கொண்டார். அழுதழுது கண்களின் பார்வையே போய்விட்டது. அந்த நிலையில் தம் பிள்ளைகளுக்கு அவர்கள் இட்ட கட்டளையில் இரண்டு பகுதிகள் இருந்தன. ஒன்று, போய் யூஸுஃபையும் சகோதரரையும் தேடுங்கள் என்பது. மற்றது, அல்லாஹ்வின் அருளில் நிராசையாகாதீர்கள் என்பது. தேடலும் நம்பிக்கையும் ஒரே மூச்சில் வந்தன. இன்னொன்றையும் கவனியுங்கள். அழுதது அவர்களுடைய ஈமானைக் குறைக்கவில்லை. எனவே மணல் மூடிய தோட்டத்தைப் பார்த்து அழுகிற என் மாணவரும் நம்பிக்கை இழந்தவர் என்று ஆகிவிட மாட்டார். அன்று நான் அவருக்கு முதலில் சொல்லியிருக்க வேண்டியது இதைத்தான்.

ஹாஜரா (அலை) அவர்கள் ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையில் ஏழு முறை ஓடினார்கள். தண்ணீர் கிடைத்தது அவர்கள் ஓடிய வழியில் அல்ல, குழந்தை இருந்த இடத்தில். அப்படியானால் அந்த ஓட்டம் வீணா? வீண் என்றால் ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் போகும் ஒவ்வொருவரும் இன்றுவரை அந்தத் தாயின் ஓட்டத்தை ஏன் ஓட வேண்டும்? எங்கிருந்து கதவு திறக்கும் என்பது அல்லாஹ்வின் அறிவில் இருப்பது. ஓடுவது நம் பொறுப்பு.

இது ஏதோ பழங்கால வரலாறு என்று நினைக்க வேண்டாம். நம் கண்ணெதிரே இரண்டு சமூகங்கள் இதை வாழ்ந்து காட்டியிருக்கின்றன.

ஒன்று, எங்கள் அயலவர்களான மலையக மக்கள். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் சுமார் ஏழு இலட்சம் பேரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், அவர்களைக் கேட்காமலே, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எழுபதுகளில் நான் சிறுவன். வாப்பா பதுளையில் ஒரு சில்லறைக் கடை வைத்திருந்தார். தோட்டத்து ஆட்கள் கொப்பியில் எழுதிச் சாமான் வாங்குவார்கள், சம்பள நாளில் வந்து தீர்ப்பார்கள். இந்தியாவுக்குப் புறப்பட வேண்டிய ஒரு குடும்பத் தலைவர், கோச்சி ஏறுவதற்கு முதல் நாள் கடைக்கு வந்து தன் கணக்கைத் தீர்த்தார். "வேணாம், பயணத்துக்கு வச்சிக்க" என்று வாப்பா எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. அடுத்த நாள் ஸ்டேஷனில் எழுந்த அழுகை கடை வரைக்கும் கேட்டது. இரண்டு நாடுகளும் பொருளைப்போலக் கணக்குப் பார்த்த ஒரு மனிதர், தன் கணக்கை நேராக வைத்துவிட்டுப் போனார்.

மிஞ்சியவர்கள் இங்கே போராடினார்கள். தொழிற்சங்கம், வேலைநிறுத்தம், வாக்கு, பாடசாலை என்று ஒவ்வொரு படியாக ஏறினார்கள். நாடற்றவர் என்ற நிலையை முற்றாக முடிவுக்குக் கொண்டுவந்த சட்டம் 2003இல் நிறைவேறியது. 55 வருடங்கள். 1948இல் மனமுடைந்த எத்தனையோ பேர் அதைக் காண இருக்கவில்லை. அவர்களின் பேரப்பிள்ளைகள் கண்டார்கள். 2025 ஒக்டோபர் 12ஆம் திகதி பண்டாரவளையில், இந்திய வீடமைப்புத் திட்டத்தின் கீழ் 2,000க்கும் மேற்பட்ட மலையகக் குடும்பங்களுக்கு வீட்டு உரிமைப் பத்திரங்கள் வழங்கப்பட்டன. சரியாக ஏழு வாரத்துக்குள் டித்வா வந்தது. ஒரு கையில் பத்திரம், மறு கையில் சேறு. நம்பிக்கையின் பாதை எப்போதும் இப்படித்தான் இருந்திருக்கிறது.

இரண்டாவது, நாமே. 2020 ஏப்ரலில் வந்த வர்த்தமானி கொவிட்டில் இறந்தவர்களை எரிப்பதைக் கட்டாயமாக்கியது. அடக்கம் செய்வதிலும் தடையில்லை என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லியும் பயனில்லை. அதே ஆண்டு டிசம்பர் 1ஆம் திகதி உயர் நீதிமன்றம் மனுக்களை விசாரணைக்கு எடுக்க மறுத்தது. பிறந்து மூன்று வாரம்கூட ஆகாத பச்சிளம் குழந்தையின் உடலையும் எரித்தார்கள். எல்லாக் கதவும் அடைபட்டுவிட்டது என்று நாம் அன்று நினைக்கவில்லையா? நான் நினைத்தேன். ஆனால் தஹஜ்ஜுதில் அழுதவர்களும் இருந்தார்கள், சட்டத்தரணிகளும் வைத்திய நிபுணர்களும் ஓடிக்கொண்டே இருந்தார்கள், பொரளை கனத்தை மயானத்தின் வேலியில் வெள்ளைத் துணி கட்டியவர்களில் பிற மதச் சகோதரர்களும் இருந்தார்கள். 2021 பெப்ரவரி 25இல் வர்த்தமானி திருத்தப்பட்டது. மார்ச் 5இல் ஓட்டமாவடி மஜ்மா நகரில் முதல் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரியது.

எரிக்கப்பட்ட உடல்கள் திரும்பி வரவில்லை. மன்னிப்பு அந்தத் தாயின் வலியை ஆற்றவில்லை. நம்பிக்கை வைத்தால் கேட்டதெல்லாம் கிடைக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படி வாக்களிப்பது ஏமாற்றுவேலை. நிராசையாகி எல்லாரும் உட்கார்ந்திருந்தால் மஜ்மா நகர் கிடைத்திருக்காது என்பதை மட்டும் சொல்கிறேன். கதவைத் திறந்தவன் அல்லாஹ். அதைத் தட்டிக்கொண்டே இருந்தவர்கள் மனிதர்கள்.

ஆகவே இப்போது, நிவாரண லொறிகள் திரும்பிப் போய், கமராக்களும் போய்விட்ட பிறகு, நமது நம்பிக்கை என்ன வடிவம் எடுக்க வேண்டும்? ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியனாக என் ஊர் ஜமாஅத்துகளிடம் நான் கேட்பவை சில.

முதலாவது, பள்ளிவாசல் ஒலிபெருக்கி. மலையோரத்தில் இருக்கும் ஒவ்வொரு பள்ளிவாசலிலும் மண்சரிவு எச்சரிக்கையைக் கவனிப்பதற்கென ஒருவரை நியமியுங்கள். எச்சரிக்கை வந்தால் தமிழிலும் சிங்களத்திலும் அறிவியுங்கள். சுவரிலும் நிலத்திலும் புதிய வெடிப்பு, சாயும் மரங்கள், திடீரென்று தோன்றும் ஊற்று, கலங்கி வரும் நீர், வற்றாத ஊற்று வற்றிப்போதல் ஆகியவை மலை நமக்குத் தரும் அறிகுறிகள். இவற்றை மத்ரஸாப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். ஓர் உயிரைக் காப்பது எவ்வளவு பெரிய அமல் என்பது நாம் அறியாததா?

இரண்டாவது, இடம். "எங்க போறதுன்னு சொல்லல்லியே" என்ற அந்த அம்மாவின் கேள்விக்கு நம்மிடம் பதில் இருக்க வேண்டும். பாதுகாப்பான இடத்தில் இருக்கும் பள்ளிவாசல் மண்டபங்களையும் மத்ரஸாக்களையும் முன்கூட்டியே பிரதேச செயலகத்தில் தங்குமிடங்களாகப் பதிவு செய்யலாம். வருபவர் யார், என்ன மதம் என்று கேட்காமல் கதவு திறக்க வேண்டும்.

மூன்றாவது, எழுத்துவேலை. முழுமையாக அழிந்த வீட்டுக்கு 50 இலட்சம் ரூபா வரை வழங்குவதாக அரசு அறிவித்தது. நல்ல அறிவிப்பு. ஆனால் மூன்று தலைமுறையாக லயனில் வாழும் குடும்பம் காணி உறுதிக்கு எங்கே போகும்? தேசிய அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் மண்ணுக்குள் போனவர்கள் எந்த வரிசையில் நிற்பது? நம்மில் படித்த இளைஞர்கள் வாரத்தில் அரைநாள் ஒதுக்கி, விண்ணப்பம் நிரப்பவும், கிராம உத்தியோகத்தரைச் சந்திக்கவும், மேன்முறையீடு எழுதவும் உதவலாம். ஒரு பார்சல் சோறு ஒருநாள் பசியைத் தீர்க்கும். சரியாக எழுதிய ஒரு கடிதம் ஒரு குடும்பத்தை மலையடிவாரத்திலிருந்து மீட்கலாம்.

நான்காவது, நமது சொந்த வீடுகள். ஓடையை மறித்தும், மலையை வெட்டியும், ஆய்வு இல்லாமலும் வீடு கட்டியவர்களில் நாமும் இருக்கிறோம். மற்றவர்களைக் குறை சொல்லும் முன் இதையும் ஒப்புக்கொள்வோம்.

கடைசியாக, அந்த இளைஞருக்கு. தம்பி, அன்று நீங்கள் கேட்ட கேள்விக்கு என்னிடம் இன்றும் முழுப் பதில் இல்லை. அந்த இரவில் மழை ஏன் நிற்கவில்லை என்பது அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். ஆனால் போன வாரம் உங்கள் தோட்டத்தைப் பார்க்க வந்தேன். நீங்கள் வீட்டில் இருக்கவில்லை. கல்லெல்லாம் ஒரு பக்கம் குவிக்கப்பட்டிருந்தது. மணலை அள்ளிப்போட்ட இடத்தில் இரண்டு பாத்தி கட்டி, போஞ்சி நட்டிருந்தீர்கள். குச்சி ஊன்ற உதவியவர் கீழ்த் தோட்டத்து லயன்காரர் என்று உங்கள் உம்மா சொன்னார். அவர் வீடும் போய்விட்டதாம்.

மறுமை நாளே வந்துவிட்டாலும் கையிலிருக்கும் நாற்றை நட்டுவிடும்படி ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் கற்றுத் தந்ததை வகுப்பில் உங்களுக்கு நான்தான் சொல்லித் தந்தேன். அன்று வெறும் பாடமாகச் சொன்னேன். அதன் பொருளை உங்கள் இரண்டு பாத்தியைப் பார்த்த பிறகுதான் சரியாக விளங்கிக்கொண்டேன்.

இனி அல்லாஹ்விடம் என்ன கேட்பது என்று கேட்டீர்கள். முளைக்க வைக்கும்படி கேளுங்கள். நாங்களும் உங்களோடு சேர்ந்து கேட்கிறோம். அடுத்த மழைக்காலத்துக்கு முன் அந்த லயன்காரருக்கு ஒரு பாதுகாப்பான நிலம் கிடைக்கவும் கேட்போம், அதற்காக நடக்கவும் செய்வோம். மண்ணுக்குள் போன எல்லோருடைய குடும்பங்களுக்கும் அல்லாஹ் ஆறுதலைத் தருவானாக. ஆமீன்.